கிராங்க் பின் சீல் வேலை: நான் லாரியை விட்ட பட்டறை எப்படி?

ஐந்துக்கு நாலரை. இந்தப் பட்டறைக்கு நான் கொடுக்கும் மார்க் இதுதான். அந்த அரை மார்க் எங்கே போனது என்பதைப் பின்னால் சொல்கிறேன். பட்டறையின் பெயரைப் போடவில்லை. இருக்கிற வண்டிகளுக்கே ஆள் போதவில்லை, பேரைப் போட்டுக் கூட்டம் சேர்க்க வேண்டாம் என்று முதலாளியே கேட்டுக்கொண்டார். பரவாயில்லை. டீசல் இன்ஜினில் பெரிய ஆயில் ஒழுகலோடு நிற்கிற ஒருவர் எந்தப் பட்டறையை நம்பலாம் என்று எடை போட, இவர்கள் வேலை செய்த விதத்தைத் தெரிந்துகொண்டாலே போதும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பின் சீல் என்பது, இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க் பின்பக்கம் வெளியே வரும் இடத்தில் ஆயில் ஒழுகாமல் தடுக்கும் வளையம்.

வண்டி ஆறு சிலிண்டர் டர்போ டீசல் லாரி. பல வருடம் நானே ஓட்டினேன். இப்போது பெரும்பாலும் தங்கை மகன் ஓட்டுகிறான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின். புகை இல்லை, இழுவை குறையவில்லை. ஆனால் நிறுத்தி எடுத்த இடத்தில் முதலில் ஒன்றிரண்டு சொட்டு, அப்புறம் தட்டு அகலத்துக்குக் கறை, கடைசியில் ராத்திரி நிறுத்தினால் காலையில் கார்டுபோர்டு முழுக்க நனைந்து கிடக்கும் நிலைமை. சொட்டு விழுந்த இடம் பெல் ஹவுசிங்கின் அடியில் உள்ள சின்னத் துளை. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடம் அது. லோடு ஏற்றி மேட்டில் இழுத்தால் ஒழுகல் கூடும். கியர்பாக்ஸ், அதன் பின்னால் இருக்கிற கிராஸ் மெம்பர், சேஸிஸ் எல்லாம் எண்ணெய்ப் பூச்சு. டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டில் இருந்த ஆயில், நீண்ட ஓட்டம் ஒன்று போய் வந்தால் கீழ்க் கோட்டுக்கு வந்துவிடும்.

ஒழுகுகிற ஆயிலை விட்டு விட்டு ஊற்றிக்கொண்டே ஓட்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு. சொட்டு அளவில் இருக்கும்வரை சிலர் அப்படி ஓட்டவும் செய்கிறார்கள். பெரிய ஒழுகல் என்றால் கதை வேறு. ஆயில் ஒரு மேட்டில் திடீரென்று குறைந்து பிரஷர் விழுந்தால் பேரிங் பிடித்துக்கொள்ளும், கிராங்க் போய்விடும். சூடான டர்போ மீதோ எக்ஸாஸ்ட் மீதோ ஆயில் அடித்தால் தீப்பிடிக்கும். கிளட்ச் பிளேட்டில் இறங்கினால் ஸ்லிப் ஆக ஆரம்பிக்கும். சீல் மாற்றுகிற வேலையில் மிச்சம் பிடிக்கப் பார்த்து இன்ஜினையே இழக்க எனக்கு மனமில்லை.

முதலில் காட்டிய இடத்தில் ஒருவர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார், எழுந்தார், "பின் சீல் போயிடுச்சுங்க. இன்ஜினை இறக்கி ஃபுல் வேலையே பண்ணிடலாம்" என்றார். டீ குடித்து முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. இன்னொரு இடத்தில், ஒழுகலை நிறுத்தும் மருந்து என்று ஒரு பாட்டிலை நீட்டி, இதை ஊற்றி ஓட்டிப் பாருங்கள் என்றார்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. அந்தப் பாட்டில் மருந்து என்ன செய்யும் என்றால், ரப்பர் சீலைக் கொஞ்சம் மிருதுவாக்கி ஊத வைக்கும். பழசாகிக் காய்ந்துபோன ரப்பரில் சில நாளைக்கு வேலை செய்யலாம். இப்போதைய டீசல் இன்ஜின்கள் பலவற்றில் கிராங்க் சீலின் உதடு ரப்பர் கிடையாது, பி.டி.எஃப்.இ. என்கிற டெஃப்லான் ரகம். அது எந்த மருந்துக்கும் ஊதாது. என் இன்ஜினில் இருப்பதும் அந்த ரகம்தான்.

மூன்றாவதாகப் போனதுதான் இந்தப் பட்டறை. தலைமை மெக்கானிக் என்னைவிட மூத்தவர், எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிடுகிறார்கள். நான் போனதும், "அண்ணே, பின் சீல் மாத்தணும்னு சொல்றாங்க" என்றேன். அவர் வண்டிக்கு அடியில் கொஞ்ச நேரம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கழுவாம நான் எதையும் சொல்ல மாட்டேன் தம்பி. ஆறட்டும், விட்டுட்டுப் போங்க" என்றார். அந்த இடத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

கழுவியது எப்படி என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பல இடங்களில் அவசரப்படுகிறார்கள். இன்ஜின் நன்றாக ஆறின பிறகுதான் ஆரம்பித்தார்கள். ஆல்டர்னேட்டர், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.எம்.மின் கனெக்டர்கள், காற்று உறிஞ்சும் வாய் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் சுற்றிக் கட்டினார்கள். டிகிரீசர் அடித்து, ஊறவிட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்து, குறைந்த வேகத்தில் தண்ணீர் விட்டார்கள். அப்புறம் காற்றடித்து மூலை முடுக்கெல்லாம் காயவைத்தார்கள். இன்ஜின் பிளாக்கின் பெயின்ட் நிறத்தை நான் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

ஆயில் நேராகக் கீழே சொட்டுவதில்லை என்பதுதான் இந்த வேலையின் அடிப்படை. மேலே எங்கோ கசிந்து, பிளாக்கின் விளிம்பைப் பிடித்து இறங்கி, ஓட்டத்தில் காற்று பின்னால் தள்ள, எங்கோ ஒரு போல்ட் தலையில் வந்து தொங்கும். சொட்டுகிற இடத்தை நம்பினால் ஏமாந்து போவோம். ஈரமாக இருப்பதில் எது உச்சியில் இருக்கிறது, எது முன்பக்கமாக இருக்கிறது என்று தேடிப் போக வேண்டும். இன்ஜின் ஹெட்டின் மேல் மூடியான டேப்பெட் கவரின் கேஸ்கெட் (இடையில் வைக்கும் அடைப்பு), ஆயில் கூலர் கேஸ்கெட், டர்போவிலிருந்து ஆயில் திரும்பி வரும் குழாய், ஏர் கம்ப்ரஸர் பிளாஞ்ச், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஃபில்டர் ஹெட், முன் சீல், டைமிங் கவர், ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப் என்று சந்தேகப்பட வேண்டிய இடங்கள் ஏராளம். ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் ஹெட்டிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புதியது ஏறி உட்கார்ந்து ஒழுகுகிற வண்டிகள்கூட உண்டு.

டீசல் பம்பையும் அண்ணன் விடவில்லை. பம்ப் அடியில் இருந்த ஈரத்தை விரலில் தொட்டுத் தேய்த்து மோந்து பார்த்தார். டீசல் கசிந்தால் அந்த இடம் தூசியைக் கழுவி விட்டதுபோல இருக்கும். ஆயில் கசிந்தால் தூசி பிடித்துச் சேறாகும் என்றார். இதைக் கேட்டதும் பழைய செய்தி ஒன்று ஞாபகம் வந்தது. 1993-ல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது, பல பழைய வண்டிகளில் பம்பின் நைட்ரைல் ரப்பர் வளையங்கள் (ஓ-ரிங்) சுருங்கி டீசல் ஒழுக ஆரம்பித்தது. டீசல் ஒழுகலை ஆயில் ஒழுகல் என்று நினைத்து வேறு எதையாவது பிரித்தால் காசும் போகும், ஒழுகலும் நிற்காது. என் வண்டியில் பம்ப் சுத்தமாக இருந்தது. சரி, ஒரு சந்தேகம் தீர்ந்தது.

அடுத்தது சாயம். புற ஊதா வெளிச்சத்தில் மஞ்சள் பச்சையாக ஒளிரும் சாயம், ஆயிலோடு கலந்து ஊற்றுவது. டீசல் இன்ஜின் ஆயில் கரி சேர்ந்து கறுத்துப் போயிருக்கும், கறுப்பு ஆயிலில் சாயத்தின் ஒளி மங்கிவிடும். எனக்கு எப்படியும் ஆயில் மாற்றும் நேரம் நெருங்கியிருந்ததால், புது ஆயில் ஊற்றி அதில் சாயம் போட்டார்கள். வண்டியை ஓட்டிவிட்டு வந்து ஷெட்டின் விளக்கை அணைத்தோம். அண்ணன் மஞ்சள் கண்ணாடி மாட்டிக்கொண்டு புற ஊதா டார்ச்சைப் பிடித்தார். என்னிடமும் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். டேப்பெட் கவரின் பின் மூலையில் நூல் போல ஒரு பச்சைக் கோடு கிளம்பி, ஹெட்டின் முதுகில் இறங்கி, பிளாக்கைத் தாண்டி, பெல் ஹவுசிங் மூட்டுக்குள் போய் மறைந்தது. அங்கிருந்து கீழே போனால் அதே துளை. பின் சீல் ஒழுகல் என்று யாரும் சத்தியம் செய்யும் இடத்தில், பாதி ஆயில் மேலேயிருந்து வந்திருக்கிறது.

பலர் இதோடு நிறுத்தியிருப்பார்கள். இவர்கள் நிறுத்தவில்லை. டேப்பெட் கவர் கேஸ்கெட் சின்ன வேலை, அதை முதலில் மாற்றிவிட்டு மறுபடி கழுவி, மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். முதுகு காய்ந்திருந்தது. துளையில் சொட்டு மட்டும் குறைந்ததே தவிர நிற்கவில்லை. உடனே பெல் ஹவுசிங்கின் அடி மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார்கள். கிராங்க்கின் பின் முனையில் இருக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் இன்ஜின் பக்கம் ஒளிர்ந்தது, கிளட்ச் பக்கம் விளிம்பில் மட்டும் லேசான ஈரம். கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல் போயிருந்தால் கிளட்ச் பக்கம்தான் முழுக்க நனைந்திருக்கும், அந்த ஆயிலில் சாயமும் இருக்காது, கியர் ஆயிலுக்கே உரிய கந்தக வாடையும் அடிக்கும். ஆக, பின் சீல் ஒழுகுவது உறுதி. கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும்.

முதல் பட்டறைக்காரர் சொன்னதும் பின் சீல்தானே, இவர்கள் சொன்னதும் பின் சீல்தானே, என்ன வித்தியாசம் என்று தங்கை மகன் கேட்டான். அங்கே விட்டிருந்தால் டேப்பெட் கவர் ஒழுகல் அப்படியே இருந்திருக்கும். புது சீல் போட்டு, கியர்பாக்ஸை மாட்டி, ஒரு வாரம் கழித்து அதே துளையில் அதே ஆயில் சொட்டும்போது, புது சீல்தான் சரியில்லை என்று மறுபடி எல்லாவற்றையும் இறக்கியிருப்போம். அது மட்டுமல்ல, சீல் ஏன் போனது என்ற கேள்வியை அங்கே யாரும் கேட்கவே இல்லை.

இந்தக் கேள்விக்கு இவர்கள் எடுத்துக்கொண்ட சிரமம் எனக்கு மிகவும் பிடித்தது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் காற்று எப்போதும் கிராங்க்கேஸுக்குள் இறங்கும். அது பிரீதர் வழியாக வெளியேற வேண்டும். பிரீதர் அடைத்தால் அந்தக் காற்று உள்ளேயே அழுத்தும். அழுத்தம் எங்கே பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளும். புது சீலாக இருந்தாலும் தள்ளும். ஆயில் ஊற்றும் வாயில் ஒரு அடைப்பான் வைத்து, அதிலிருந்து தண்ணீர் நிரப்பிய தெளிவான ட்யூபை வளைத்துக் கட்டி, இன்ஜினை வேகப்படுத்தி, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று அண்ணன் அளந்தார். நன்றாகவே ஏறியது. பிரீதர் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார்: கரியும் ஆயிலும் சேர்ந்து தார் போல இறுகிப் போயிருந்தது. புது ஃபில்டர் போட்டதும் தண்ணீர் மட்டம் கண்ணெதிரே இறங்கியது.

அப்படியும் அவர் திருப்தி அடையவில்லை. ஏர் பிரேக் கம்ப்ரஸரின் ரிங் தேய்ந்தால் அதன் காற்றும் ஆயில் திரும்பும் வழியாகக் கிராங்க்கேஸுக்குத்தான் வரும். இது பலருக்குத் தெரிவதில்லை. கம்ப்ரஸரின் டெலிவரி லைனைக் கழற்றி விட்டுப் பிரஷர் பிடிக்காமல் ஓடவிட்டு மறுபடி அளந்தார். மட்டம் மாறவில்லை. கம்ப்ரஸர் நல்லபடி இருக்கிறது. டர்போ சீல் தேய்ந்தாலும் இதே போல அழுத்தம் வரும் என்பதால் டர்போவின் ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தார். அதுவும் சரியாக இருந்தது. ரிங் தேய்மானம்தான் காரணம் என்று வந்திருந்தால் முழு இன்ஜின் வேலையைத் தவிர்க்க முடியாது என்று முன்னாலேயே சொல்லியிருந்தார். அந்தத் தண்ணீர் ட்யூபைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் எனக்கு எப்படி இருந்தது என்பது லாரி வைத்திருப்பவர்களுக்குப் புரியும்.

இனி வேலை. புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி, கியர்பாக்ஸை அதற்கான ஜாக்கியில் இறக்கி, கிளட்ச், ஃப்ளைவீல் என்று வரிசையாக எடுத்தார்கள். ஃப்ளைவீலைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். போல்ட்டுகளை எடுத்த இடத்தில் இரண்டு நீளமான கைடு ஸ்டட் போட்டு, அதன் மேல் நழுவவிட்டு இறக்கினார்கள். யார் விரலும் நசுங்கவில்லை, கிராங்க் முகமும் இடிபடவில்லை. எடுத்ததும் முதல் வேலையாக, ஃப்ளைவீலுக்குப் பின்னால் மறைந்திருக்கும் கேம் ஷாஃப்ட் பிளக்கையும் ஆயில் கேலரி பிளக்குகளையும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அந்த பிளக்குகள் கசிந்தாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பின் சீல் ஒழுகல் மாதிரிதான் இருக்கும். அவை காய்ந்திருந்தன. சீலைச் சுற்றித்தான் பளபளவென்று ஒளிர்ந்தது.

சீலைப் பிடுங்கியதும் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, கிராங்க்கின் வழவழப்பான முகத்தில் நகத்தை வைத்து இழுக்கச் சொன்னார். சீலின் உதடு உட்கார்ந்திருந்த இடத்தில் நகம் ஒரு பள்ளத்தில் விழுந்து நின்றது. முடி அளவு அகலம் கொண்ட பள்ளம், வட்டமாகக் கிராங்க் முழுவதும் சுற்றிவந்தது. அத்தனை கடினமான இரும்பை, தூசியும் கரியும் பிடித்த ஒரு மெல்லிய உதடு வருடக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து வெட்டியிருக்கிறது. இந்தப் பள்ளத்தின் மேல் புது சீலை வைத்தால் அது சீக்கிரமே ஒழுகும். சில இன்ஜின்களில் சீலைச் சற்று முன்னாலோ பின்னாலோ உட்காரவைத்து உதட்டைப் புது இடத்தில் ஓடவிடலாம். என் இன்ஜினில் அதற்கு இடம் போதவில்லை.

அதற்குத்தான் ஸ்லீவ். இவர்கள் போட்டது எஸ்.கே.எஃப். நிறுவனத்தின் ஸ்பீடி-ஸ்லீவ். சுமார் 0.28 மில்லிமீட்டர் மட்டுமே தடிமன் உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளையம். பள்ளம் விழுந்த ஷாஃப்ட்டின் மேல் சட்டை போல ஏறிக்கொள்ளும். இவ்வளவு மெல்லியது என்பதால் பழைய அளவிலேயே சீல் போடலாம், பெரிய சைஸ் தேட வேண்டாம். இந்த ஒரு பொருளைப் பற்றி மட்டும் தனியாகவே நல்லபடி எழுதலாம். கிராங்க்கைக் கழற்றிக் கடைசலுக்கு அனுப்ப வேண்டிய வேலையை இருந்த இடத்திலேயே முடித்துக் கொடுக்கிறது. ஆனால் போடும் முறையில் கவனம் தேவை. முதலில் தேயாத இடத்தில் மைக்ரோமீட்டரை வைத்து மூன்று பக்கம் அளந்து, சரியான அளவுதானா என்று உறுதி செய்தார்கள். பள்ளத்தில் உலோகத்தூள் கலந்த எபாக்ஸி பூசி, அது இறுகும் முன்பே ஸ்லீவை ஏற்றினார்கள். கூடவே வரும் கிண்ணம் போன்ற கருவியை மேலே கவிழ்த்து, நடுவில் சீராகத் தட்டித் தட்டி இறக்கினார்கள். இறங்கியதும், பிடிக்க வசதியாக அதில் இருக்கும் விளிம்பை வெட்டிச் சுருட்டி எடுத்துவிட்டார்கள். சில இன்ஜின்களுக்குக் கம்பெனியே தடித்த ஸ்லீவையும் அதற்கேற்ற பெரிய சீலையும் ஜோடியாகத் தரும். அது கிடைத்தால் அதையும் போடலாம் என்றார் அண்ணன்.

ஸ்லீவ் போடும் முன்பே கிராங்க்கின் முன்பின் ஆட்டத்தை டயல் கேஜ் வைத்துப் பார்த்திருந்தார். மில்லிமீட்டரில் பத்தில் சில பங்குக்குள்தான் இருக்க வேண்டும். அதிகமானால் அந்த ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பின் மெயின் பேரிங் தேய்ந்து கிராங்க் மேலும் கீழும் ஆடினாலும் எந்த சீலும் நிற்காது. இரண்டும் கணக்குக்குள் இருந்தன.

சீல் போடும்போது ஒரு சின்ன நிகழ்ச்சி. வேலை கற்றுக்கொள்ளும் பையன் ஒருவன், பழக்கத்தில் சீலின் உதட்டில் தடவ விரலில் ஆயில் தொட்டுக்கொண்டு வந்தான். அண்ணன் சத்தம் போடவில்லை. "டேய், இது டெஃப்லான். இதுக்கு எண்ணெய் காட்டக் கூடாது. கையைக் கழுவிட்டு வா" என்றார். சாதாரண ரப்பர் சீலுக்கு உதட்டில் லேசாக ஆயில் தடவித்தான் போட வேண்டும், காய்ந்து போட்டால் முதல் ஸ்டார்ட்டிலேயே கருகும். டெஃப்லான் சீலுக்கு நேர் எதிர். கிராங்க்கும் உதடும் துளி எண்ணெய்கூட இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஓட ஆரம்பிக்கும்போது உதட்டின் மெல்லிய படலம் ஷாஃப்ட்டில் ஒட்டித் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் பட்டால் அது நடக்காது, புது சீல் ஒழுகும். கிராங்க்கை ஸ்ப்ரே போட்டுத் துடைத்து, மறுபடி துடைத்து, நூல் உதிராத துணியால் இன்னொரு முறை துடைத்தார்கள். சீலோடு வந்த பிளாஸ்டிக் வளையத்தைக் கடைசி நிமிடம்வரை எடுக்கவில்லை. அதே வளையத்தின் வழியாகவே கிராங்க் மேல் நழுவவிட்டு ஏற்றினார்கள். உதட்டை யாரும் விரலால் தொடவில்லை. அந்தப் பையன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். இனி அவன் இந்த வேலையை எங்கே செய்தாலும் சரியாகச் செய்வான்.

சம்பின் பின் பகுதியையும் இறக்கிப் புது கேஸ்கெட் போட வேண்டியிருந்தது. பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட கிரைண்டரில் போடும் முரட்டு டிஸ்க்கைத் தொடவே இல்லை. பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும்தான். அந்த டிஸ்க்கிலிருந்து உதிரும் தூள் அலுமினியம் ஆக்ஸைடு. அது ஆயிலில் கலந்தால் பேரிங்கை அரித்துவிடும் என்று இன்ஜின் தயாரிப்பாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். ஒழுகலை நிறுத்தப் போய் இன்ஜினைக் கொன்ற கதைகளில் இதுவும் ஒன்று. மூலைகளில் சிலிக்கான் பசையை மெல்லிய கோடாக வைத்து, உடனே இறுக்கினார்கள். அள்ளி அப்பவில்லை. அதிகமாக அப்பினால் உள்பக்கம் பிதுங்கி, பிய்ந்து, ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையில் போய் அடைக்கும். பசை முழுதாக இறுக ஒரு நாள் விட வேண்டும் என்றார்கள். விட்டார்கள்.

கிளட்ச் பிளேட்டில் ஆயில் ஏறியிருந்தது. கழுவிப் போடலாமா என்று கேட்டதற்கு, ஊறின லைனிங் சூடானதும் மறுபடி ஆயிலைக் கக்கும், ஸ்லிப் ஆகும் என்று மறுத்துவிட்டார். அது சரிதான். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், இன்புட் ஷாஃப்ட் சீல் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். இந்த வேலையில் செலவு முழுவதும் பிரிப்பதிலும் சேர்ப்பதிலும்தான் இருக்கிறது. பொருளை மிச்சம் பிடித்தால் அதே கூலியை இரண்டாம் முறை கொடுக்க நேரும். ஃப்ளைவீல் போல்ட்டுகளையும் புதிதாகவே வாங்கச் சொன்னார். திருகை டார்க் ரெஞ்ச்சில் பிடித்து, அதன் மேல் கோணக் கணக்கில் இறுக்கும் ரகம் அவை. ஒருமுறை இழுபட்டதை மறுபடி நம்பக் கூடாது.

அரை மார்க்கை நான் கழித்தது இங்கேதான். கிளட்ச் பிளேட்டைப் படம் பிடித்து அனுப்பிக் கேட்டார்கள், சந்தோஷம். ஆனால் இன்புட் சீலையும் பைலட் பேரிங்கையும் வாங்கிப் போட்டுவிட்டு பில்லில்தான் சொன்னார்கள். போட்டது தேவையான பொருள்தான், எனக்குச் சந்தேகமே இல்லை. என்றாலும் ஒரு போன் செய்திருக்க வேண்டும். ஆரம்ப மதிப்பீட்டை வாய்ச்சொல்லாக மட்டும் சொன்னதும் எனக்குப் பிடிக்கவில்லை. எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டு பக்கத்துக்கும் நல்லது. சொன்ன தேதியும் தள்ளிப் போனது. ஸ்லீவ் வர நேரமானதுதான் காரணம் என்பதை நான் கூப்பிட்டுக் கேட்ட பிறகே சொன்னார்கள். ஏற்றவேண்டிய லோடை வேறு வண்டிக்கு மாற்றிக் கொடுக்கும் நிலைமையில் இருப்பவனுக்கு அந்தத் தகவல் ஒரு நாள் முன்னால் கிடைத்தால் பெரிய உதவி.

பழைய சீல், கிளட்ச் பிளேட், பிரீதர் ஃபில்டர், பேரிங் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தார்கள். கேட்காமலேயே கொடுத்தார்கள். பில்லில் பொருள் தனி, கூலி தனி, ஆயிலின் தரம் உட்பட எழுதியிருந்தது: கெட்டித்தன்மை 15டபிள்யூ-40, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ.யின் சி.கே.-4 தரம். இந்த சி.கே.-4 தரம் 2016 கடைசியில் வந்தது, பழைய சி.ஐ.-4 கேட்கும் இன்ஜின்களுக்கும் இதை ஊற்றலாம். ஒழுகல் குறையட்டும் என்று கெட்டியான வேறு ஆயிலை ஊற்றும் வேலையை இவர்கள் செய்யவில்லை.

வண்டியை ஒப்படைத்த விதமும் நன்றாக இருந்தது. ஷெட்டில் ஐடிலில் ஓடவிட்டு "பாருங்க, சொட்டு இல்லை" என்று சாவியைக் கொடுத்துவிடவில்லை. ஐடிலில் கிராங்க்கேஸ் அழுத்தம் குறைவு, அங்கே காய்ந்திருப்பது எதையும் நிரூபிக்காது. லோடோடு ஒரு மேட்டில் இழுத்துவிட்டு வந்து, சூட்டோடு விளக்கை அணைத்து மறுபடி டார்ச் அடித்தார்கள். தண்ணீர் ட்யூபையும் மறுபடி மாட்டிப் பார்த்தார்கள். துளை காய்ந்திருந்தது. சில ஓட்டம் முடிந்து திரும்ப வரச் சொல்லி, அப்போதும் ஒருமுறை பார்த்தார்கள், அதற்குக் காசு வாங்கவில்லை. கூலிக்கும் சீலுக்கும் உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது டிப்ஸ்டிக்கில் மேல் கோடு அப்படியே நிற்கிறது. கிளட்ச் இழுவை முன்பைவிடச் சுத்தம். பவர் ஸ்டீயரிங் பம்ப் அடியில் ஒரு சின்ன ஈரத்தை அவர்களே கண்டுபிடித்து, பெயின்ட் பேனாவால் வட்டம் போட்டுத் தேதி எழுதிவிட்டார்கள். இப்போதைக்கு மாற்றத் தேவையில்லை, அடுத்த ஆயில் மாற்றத்தின்போது வட்டத்தைத் தாண்டியிருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அண்ணன். காலையில் விட்டு மாலையில் எடுக்க வேண்டும் என்று இருப்பவர்களுக்கு இந்த மாதிரிப் பட்டறை ஒத்துவராது. பெரிய ஒழுகலோடு போகிறவர்கள் லோடை இறக்கிவிட்டு, முதல் நாள் இரவே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிடுங்கள். இன்ஜின் ஆறினால்தான் அவர்கள் கழுவவே ஆரம்பிப்பார்கள்.